கண் சிவப்பு போய்விட்டது, பிரஷர் மட்டும் ஏன் போகவில்லை?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் 37 வயது வாசகர் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன் அவருக்கு வலது கண் திடீரென்று சிவந்து, வெளிச்சத்தைப் பார்த்தாலே குத்தியது. கண் டாக்டர் 'யுவியைடிஸ்', அதாவது கண்ணுக்குள் வரும் அழற்சி என்று சொல்லி, ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தும் கொடுத்திருக்கிறார். இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, சில வருடம் இரண்டு தடவை அதே கண் சிவந்திருக்கிறது. இரண்டாவது தடவைக்குப் பின் டாக்டரிடம் போகவில்லை. முதலில் பழைய சீட்டைக் காட்டி, அப்புறம் சீட்டே இல்லாமல், மெடிக்கலில் அதே மருந்தை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

இந்த வருடம் ஒரு நாள் இடது கண்ணில் நூல் தூசி விழுந்து அதைக் கசக்கியபோதுதான், வலது கண்ணில் மேசையின் ஒரு பகுதியே தெரியவில்லை என்று கவனித்திருக்கிறார். பரிசோதனையில் வலது கண் அழுத்தம் (பிரஷர்) 38, இடது 14. பார்வை வலது 6/24, இடது 6/6. வலது கண் நரம்பின் குழிவு 0.8. மூன்று வகை பிரஷர் சொட்டு மருந்தும் அசெட்டசோலமைட் மாத்திரையும் கொடுத்து, அழுத்தம் 27-க்கு இறங்கியிருக்கிறது. 'கண்ணுக்குள் தேங்கும் நீரை வடிக்க ட்யூப் வைக்கும் ஆபரேஷன் தேவைப்படலாம்' என்று டாக்டர் சொல்கிறார். இதற்கிடையில் ஸ்டீராய்டால் கிளாகோமா (கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய்) வரும் என்று எங்கோ படித்த வாசகர், டாக்டர் எழுதியிருந்த ஸ்டீராய்டு சொட்டை மூன்று வாரத்துக்கு முன் தானாகவே நிறுத்திவிட்டார். மாமியார் நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொல்கிறாராம்.

"இந்தக் கண் முழுசாகப் போய்விடுமா? ஆபரேஷன் செய்தால் பழைய பார்வை வருமா? ஸ்டீராய்டை நிறுத்தியது சரிதானே? என் ஆறு வயதுப் பையனுக்கும் வருமா? மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா? ஆபரேஷனுக்கு லீவு கேட்டால் வேலை என்னவாகும் என்ற பயத்தில் முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறார். கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், இன்னொரு வரியும் இருக்கிறது: "காலையில் எழுந்தால் இடுப்பு முக்கால் மணி நேரம் பிடித்துக்கொள்ளும். நின்றே வேலை பார்ப்பதால் அப்படி."

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் ஒன்று. நாளைக்கே உங்கள் கண் டாக்டரிடம் போய், ஸ்டீராய்டை எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். பயந்துபோய் நீங்களாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். கண்ணுக்குள் அழற்சி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் அளவை முடிவு செய்ய முடியும். வெளியே வெள்ளையாகத் தெரியும் கண்ணின் உள்ளே அழற்சி அணுக்கள் மிதந்துகொண்டிருக்கலாம். கண்ணாடியில் முகம் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஸ்டீராய்டு மட்டும்தான் குற்றவாளியா?

நீங்கள் படித்தது பொய் இல்லை. ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடர்ந்து போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஓரளவு ஏறும். நூற்றில் ஐந்து பேருக்கு நன்றாகவே ஏறும். பொதுவாக ஆரம்பித்த இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் அது தெரியவரும். சீக்கிரம் கவனித்து மருந்தை மாற்றினால் பெரும்பாலும் இறங்கிவிடும். மாதக்கணக்கில், யாரும் அளந்து பார்க்காமல் போட்டுக்கொண்டே இருந்தால் இறங்காமலே போகலாம்.

ஆனால் உங்கள் கதையில் அது பாதிதான். கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் சுரந்துகொண்டே இருக்கிறது, ஓரத்தில் இருக்கும் நுண்ணிய சல்லடை வழியாக வடிந்துகொண்டே இருக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் போல, குழாயும் வடிகாலும் சமமாக ஓடினால் மட்டம் மாறாது. யுவியைடிஸ் வந்தால் இரண்டுமே கெடும். அழற்சி அணுக்களும் புரதமும் சல்லடையை அடைக்கும். சல்லடையே வீங்கும். கண் பாப்பாவைச் சுற்றியிருக்கும் ஐரிஸ் வீங்கி, பின்னால் லென்ஸோடும் ஓரத்தில் வடிகாலோடும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் பிறகு வடிக்காது. ஒவ்வொரு தடவை கண் சிவந்தபோதும் வடிகாலில் கொஞ்சம் கொஞ்சமாக இப்படி மூடியிருக்கலாம்.

இதில் பலரை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. அழற்சி கடுமையாக இருக்கும்போது நீரைச் சுரக்கும் உறுப்பும் சோர்ந்துவிடும். அப்போது அளந்தால் அழுத்தம் 10, 8 என்றுகூட இருக்கும். மருந்து வேலை செய்து அழற்சி அடங்கியதும் சுரப்பு பழைய நிலைக்கு வரும். வடிகால் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் அழுத்தம் ஏறும். நோயாளி என்ன நினைப்பார்? "மருந்து போட்டேன், பிரஷர் ஏறிவிட்டது." பழி முழுவதும் மருந்தின் மேல் விழும்.

ஸ்டீராய்டை நிறுத்திவிட்டால் அழற்சி மறுபடி கிளம்பி மிச்சமிருக்கும் வடிகாலையும் அடைத்துவிடும். அதனால்தான் இந்த நோயில், அழுத்தத்தை அளந்துகொண்டே, பிரஷர் மருந்தின் பாதுகாப்போடு, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைப்போம். உங்களுக்கு வேறொரு வகை ஸ்டீராய்டுக்கு மாற்றலாம், அல்லது ஸ்டீராய்டின் தேவையையே குறைக்கும் மருந்துக்குப் போகலாம். மருந்தில் தப்பில்லை. அதை ஆறு வருடம் எவரும் அளந்து பார்க்காமல் மெடிக்கலில் வாங்கிப் போட்டதில்தான் தப்பு. அதில் உங்கள் பங்கு பாதி, சீட்டில்லாமல் கொடுத்த கடைக்காரர் பங்கு பாதி. அது டாக்டர் சீட்டில் மட்டுமே விற்க வேண்டிய மருந்து.

சின்ன விஷயம் ஒன்று. ஸ்டீராய்டு சொட்டில் பிரெட்னிசோலோன் அசிடேட் என்று எழுதியிருந்தால் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதுதான் மருந்து. குலுக்காமல் விட்டால் முதல் வாரம் வெறும் தண்ணீர், கடைசி வாரம் கெட்டி மருந்து. எந்தச் சொட்டானாலும் ஒரு துளி போதும். கண்ணை மூடி, மூக்கோரத்தில் இரண்டு நிமிடம் விரலால் அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு முன் ஐந்து நிமிடம் விடுங்கள். மூன்று பாட்டிலையும் வரிசையாக ஒரே நிமிடத்தில் ஊற்றினால் ஒன்றை ஒன்று கழுவி வெளியே தள்ளிவிடும்.

இழுப்பு, வீசிங் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், டிமோலோல் உள்ள பிரஷர் சொட்டு ஆகாது. அசெட்டசோலமைட் மாத்திரையால் விரல் நுனி மரத்துப் போவது சகஜம்தான். சிறுநீரகக் கல் இருந்திருந்தால் மட்டும் சொல்லிவிடுங்கள்.

அந்த இடுப்பு வலி

கடிதத்திலேயே முக்கியமான வரி என்று நான் நினைப்பது இதுதான். நின்று வேலை பார்த்த வலி என்றால் காலையில் குறைந்து, சாயங்காலம் ஏற வேண்டும். உங்களுக்குத் தலைகீழாக இருக்கிறது: தூங்கி எழுந்ததும் பிடிப்பு, நடமாடினால் தளர்கிறது. நாற்பது வயதுக்கு முன் ஆரம்பித்த இப்படிப்பட்ட இடுப்பு வலியும், திடீர் திடீரென்று ஒரு கண்ணில் வரும் யுவியைடிஸும் சேர்ந்திருந்தால், ஆன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு வாதம்தான் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வரும். எச்எல்ஏ-பி27 என்ற ரத்தப் பரிசோதனையும் இடுப்பெலும்பு மூட்டுக்கு எம்ஆர்ஐயும் எடுத்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும். இது வாத நோய் மருத்துவரின் வேலை. எலும்பு டாக்டரிடம் போய் வலி ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

நான் இப்படி ஊகிப்பதாலேயே அது உறுதியாகிவிடாது. சளிப் பரிசோதனையில் தெரியாத காசநோய், சார்காய்டோசிஸ், சிபிலிஸ், ஹெர்பிஸ் வைரஸ் எல்லாமே கண்ணில் இப்படி வரும். கண் சிவந்த அந்த நாளிலேயே அழுத்தம் எகிறியிருந்தால் வைரஸ் சந்தேகம் வலுக்கும், சிகிச்சையும் வேறு. உங்கள் முதல் இரண்டு தடவை சீட்டில் அழுத்தம் எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அந்த ஒரு எண் இப்போது உதவும். தென்னிந்தியாவில் லெப்டோஸ்பைரா கிருமியும் ஒரு காரணம். 1993-ல் மதுரைப் பக்கம் வெள்ளத்துக்குப் பிறகு அதனால் நிறையப் பேருக்கு யுவியைடிஸ் வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஆறு வருடமாகத் திரும்பத் திரும்ப ஒரே கண்ணில் வரும் உங்கள் கதைக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை.

காரணம் தெரிந்தால் என்ன லாபம்? முதுகெலும்பு வாதம் என்று உறுதியானால், கண் சிவப்பதையே குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. சல்ஃபசாலசின், மெத்தோட்ரெக்சேட், அவை போதாவிட்டால் அடாலிமுமாப் ஊசி. மெத்தோட்ரெக்சேட் கொடுத்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டு ரத்த அணுக்கள் சரிந்து ஐசியூவுக்குப் போகிறவர்கள் உண்டு, எனவே எந்தக் கிழமை என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். அடாலிமுமாபுக்கு முன் காசநோய் பரிசோதனை கட்டாயம். இன்னொன்று, இதே குடும்பத்தைச் சேர்ந்த எடனெர்செப்ட் ஊசி இடுப்புக்கு நன்றாகக் கேட்கும், கண்ணுக்கு அந்த அளவு உதவாது. அதனால் வாத நோய் மருத்துவரிடம் போகும்போது கண் ஃபைலையும் எடுத்துப் போங்கள். கண் விஷயம் தெரியாமல் மருந்து தேர்ந்தெடுக்கப்படக் கூடாது.

இடுப்புக்கு இதுவரை ஏதாவது ஊசி, பெயரில்லாத பொடி, மாத்திரை எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அவற்றில் ஸ்டீராய்டு இருந்தால் இரண்டு கண்களின் அழுத்தத்தையும் அது ஏற்றலாம்.

போனதில் எது திரும்பும்?

பார்வை நரம்பில் சுமார் 12 லட்சம் இழைகள் உண்டு. அழுத்தத்தால் செத்த இழை திரும்ப முளைக்காது. 0.8 என்றால் கணிசமானது போயிருக்கிறது. மேசையின் ஒரு பகுதி தெரியாமல் போனது பெரும்பாலும் அந்தக் கணக்கில் வரும். அது வரப்போவதில்லை. ட்யூப் ஆபரேஷன் பார்வையைக் கூட்டுவதற்குச் செய்வது அல்ல, இருப்பதைக் காப்பதற்கு. இதை ஆபரேஷனுக்கு முன்பே தெளிவாகக் கேட்டுக்கொள்ளாதவர்கள்தான், பிறகு "ஆபரேஷன் ஃபெயில்" என்று அடுத்த ஆஸ்பத்திரிக்கு அலைகிறார்கள்.

ஆனால் 6/24 முழுக்க நரம்பின் கணக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அழற்சியும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் கண்புரை சீக்கிரம் வரும். விழித்திரையின் மையத்தில் நீர் கோத்திருக்கலாம். இந்த இரண்டும் சரிசெய்யக் கூடியவை. டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "என் மங்கலில் எவ்வளவு புரையால், எவ்வளவு மையத்தில் நீர் கோத்ததால், எவ்வளவு நரம்பால்?" விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனும், பார்வையின் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட்டும் இதற்குப் பெருமளவு விடை சொல்லும்.

ட்யூப் ஆபரேஷன்

வலியே இல்லையே, 27 ஆகிவிட்டதே, ஆபரேஷன் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். மெல்ல ஏறும் அழுத்தம் வலிக்காது. 38-லும் உங்களுக்கு வலிக்கவில்லை. அடிபட்ட நரம்புக்கு 27 மிக அதிகம், பத்து, பன்னிரண்டு என்ற அளவில் நிற்க வேண்டும். மூன்று சொட்டும் மாத்திரையும் போட்டு 27 என்றால், மருந்தின் எல்லை கிட்டத்தட்ட முடிந்தது. அந்த மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கவும் முடியாது.

சாதாரண கிளாகோமாவுக்குச் செய்யும் ட்ராபெகுலெக்டமி ஆபரேஷனில் புதிதாக ஒரு வடிகால் வழி திறப்பார்கள். அழற்சி உள்ள இளவயதுக் கண்ணில் அந்த வழி தழும்பாகி மூடிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் உங்களுக்கு ட்யூப் என்கிறார்கள் என்று நினைக்கிறேன். மதுரையில் அரோலேப் தயாரிக்கும் ட்யூப் வந்த பிறகு செலவு வெகுவாகக் குறைந்திருக்கிறது.

அந்த வகை ட்யூப் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் வால்வு கிடையாது. ஆரம்பத்திலேயே நீர் கொட்டிவிடக் கூடாது என்று ட்யூபை ஒரு கரையும் நூலால் கட்டிவிடுவார்கள். நூல் கரைய ஐந்து, ஆறு வாரம் ஆகும். அதுவரை பிரஷர் முழுதாக இறங்காது, சொட்டு மருந்து தொடரும். "ஆபரேஷன் பண்ணியும் இறங்கலையே" என்று பலர் மனம் ஒடிவது இந்த வாரங்களில்தான். நூல் விடும்போது அழுத்தம் சடாரென்று இறங்கலாம். பார்வை திடீரென்று மங்கினாலோ வலித்தாலோ அன்றே போய்க் காட்டுங்கள்.

அபாயங்களையும் மறைக்க மாட்டேன். வருடங்கள் போகப்போக ட்யூப் உரசிக் கருவிழி மங்கலாம். மேல்தோல் தேய்ந்து ட்யூப் வெளியே தெரியலாம், அதில் கிருமி புகுந்தால் கண்ணுக்கே ஆபத்து. சிலருக்கு இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படும். நிறையப் பேருக்கு ஒரு சொட்டு மருந்தாவது தொடரும். இவ்வளவும் சேர்த்துப் பார்த்தாலும், உங்கள் எண்களுக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய அபாயம் என்பது என் கருத்து. கண் மூன்று மாதம் அழற்சியில்லாமல் அடங்கியிருந்து செய்தால் நல்லது. உங்கள் நரம்புக்கு அவ்வளவு பொறுமை இருக்காது, அதனால் அதற்கு முன்பே, ஸ்டீராய்டு பாதுகாப்போடு செய்யச் சொல்லலாம். இங்கேயும் அதே ஸ்டீராய்டுதான் உங்களைக் காப்பாற்றப் போகிறது.

பத்து, இருபது வருடம் கழித்து?

யுவியைடிஸ் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காலப்போக்கில் அழுத்தப் பிரச்சினை வருகிறது. வந்தவர்கள் எல்லாரும் பார்வை இழப்பதில்லை. சாதாரண கிளாகோமாவை விட இது வேகமாக நரம்பைத் தின்னும், ஏனென்றால் அழுத்தம் எகிறுவதும் இறங்குவதுமாக இருக்கும். ஆனால் சாதாரண கிளாகோமாவில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: காரணத்தையே அடக்க முடியும். என் அனுபவத்தில் நீண்ட காலத்தில் முடிவைத் தீர்மானிப்பது முதல் நாள் பிரஷர் எவ்வளவு என்பதை விட, அதற்குப் பிறகு கண் எத்தனை தடவை சிவந்தது, ஒவ்வொரு தடவையும் எத்தனை நாளில் டாக்டர் பார்த்தார் என்பதுதான். கண் அடங்கியிருக்கும்போதும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரஷர், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஃபீல்டு டெஸ்ட். ரிப்போர்ட்டுகளை ஒரே ஃபைலில் வையுங்கள். ஒரு ரிப்போர்ட்டை முந்தையதோடு ஒப்பிட்டால்தான் நோய் நகர்கிறதா என்று தெரியும்.

இடது கண்ணுக்கு? வலது கண் கிளாகோமா இடதுக்குத் தொற்றாது. ஆனால் உங்கள் வகை யுவியைடிஸ் அடுத்த தடவை இடதில் வரலாம். சிவந்தால், கூசினால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் காட்டிவிடுங்கள்.

நந்தியாவட்டைச் சாறு வேண்டாம். எனக்கு அந்தப் பூவின் மேல் கோபம் இல்லை, ஆனால் அழற்சி கண்ணின் உள்ளே இருக்கிறது, சாறு அங்கே போய்ச் சேராது. அதோடு போகும் கிருமி கருவிழியில் புண் வைக்கும். ட்யூப் வைத்த கண் என்றால் கேட்கவே வேண்டாம். மாமியாரிடம் டாக்டர் கூடாது என்றார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

பையனைப் பற்றி: உங்களுக்கு பி27 மரபணு இருந்தால் அது அவனுக்கு வர பாதி வாய்ப்பு. ஆனால் அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோயே வருவதில்லை. இப்போது ரத்தப் பரிசோதனை தேவையில்லை. வளர்ந்த பிறகு கண் சிவந்தாலோ காலையில் இடுப்பு பிடித்தாலோ அப்பாவுக்கு இது உண்டு என்று டாக்டரிடம் சொல்ல அவனுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சான்றிதழ் விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். நல்ல கண்ணை வைத்துத்தான் கணக்கு. ஒரு கண் முழுதாகப் போனாலும் மற்றது 6/6 என்றால் 30 சதவீதம்தான் வரும். அதற்காக யாரிடமும் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

வேலைக்கு வருகிறேன். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால், கண், வாத நோய் இரண்டுக்கும் அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தேவையான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், ஆபரேஷன் லீவுக்கு நோய்க்காலப் பணமாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்று வேண்டும், தனியார் சீட்டு மட்டும் போதாது. ஆக, கம்பெனியில் சொல்லாமல் இதைப் பெற முடியாது. முதலாளியிடம் "கண்ணே போய்விட்டது" என்று ஆரம்பிக்க வேண்டாம். "ஒரு கண்ணில் ஆபரேஷன், இத்தனை வாரம் லீவு, திரும்பி வந்து வேலை பார்ப்பேன்" என்று தேதியோடு சொல்லுங்கள். வந்த பிறகு துணி வெட்டும் பேண்ட் நைஃப் மெஷினில் மட்டும் கவனம். ஒரு கண் மங்கினால் தூரத்தின் ஆழம் சரியாகத் தெரியாது, பிளேடுக்கும் விரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கண் தப்பாகக் கணக்கிடும். கம்பி வலைக் கையுறை போடாமல் அதன் பக்கம் போகாதீர்கள். முதல் சில மாதம் மார்க்கர் வைத்துத் துணியை அடுக்கி லே போடுவது, உதவிக்கு இருக்கும் பையன்களை மேற்பார்ப்பது என்று இருந்துவிட்டு, மெஷினை வேறொருவர் கையில் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.